ஹௌராவிலிருந்து காட்பாடிக்கு

கல்கத்தாவில் குடியேறிய தமிழனிடம் வங்காளி அண்டைவீட்டார் மூன்று கேள்விகள் கேட்பார்கள். இட்லி மாவு எவ்வளவு நேரம் புளிக்க வேண்டும் என்பது ஒன்று. தயிரில் சோற்றைப் பிசைந்து உண்டால் சளி பிடிக்காதா என்பது மற்றொன்று. மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது மட்டும் அவர்கள் குரல் தாழ்ந்துவிடும். "வேலூர் உங்கள் ஊர்ப் பக்கம்தானே?" என்பார்கள். கேட்பவர் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

நகரத்தின் பெயர் 2001-ஆம் ஆண்டில் கொல்கத்தா என்று மாறிவிட்டது. ஆயினும் லேக் மார்க்கெட்டில் வாழை இலையும் காப்பிப் பொடியும் வாங்க வரும் நம் பெரியவர்கள் வாயில் கல்கத்தா என்றே வருகிறது. எனக்கும் அப்படித்தான்.

நான் கும்பகோணத்துப் பக்கத்தவன். வேலூரைப் பற்றிக் கல்கத்தாவுக்கு வந்த பிறகே அறிந்தேன். அதுவும் காதால் அறிந்தேன். 31 ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்களுக்குக் காட்பாடியில் இறங்க வேண்டும் என்று வழி சொல்லியிருக்கிறேன். தமிழில் நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டவர்களுக்கு, "இவர்கள் நல்ல குடும்பத்தார், இயன்ற உதவி செய்யவும்" என்று யார் பெயரும் இல்லாமல் கடிதம் எழுதிக் கொடுத்ததும் உண்டு. அக்கடிதங்களை யாராவது படித்தார்களோ, அறியேன். வழி சொன்னவன் அந்த வழியில் போனதில்லை. சென்ற தை மாதம்தான் போனேன்.

எங்கள் வீட்டுக்கு மேல்தளத்தில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் வசிக்கிறார்கள். அவரைத் தாதா என்றும் அம்மையாரைப் பௌதி என்றும் நாங்கள் அழைப்பது வழக்கம். அண்ணா, அண்ணி என்று பொருள். பௌதிக்கு இரண்டு ஆண்டுகளாக மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. முதலில் வயது என்றார்கள், பிறகு இரத்தக் குறைவு என்றார்கள். கடைசியில் இருதயத்தின் வால்வு ஒன்று சுருங்கியிருப்பது தெரிந்தது. சிறு வயதில் தொண்டைப் புண்ணோடு வந்த ஒரு காய்ச்சல், நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து இவ்வாறு வட்டியுடன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளுமாம். நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை என்று ஒரு தொகை சொன்னார்கள். மற்றொன்றில் அறுவை வேண்டாம், வேறு முறை இருக்கிறது என்று வேறொரு தொகை சொன்னார்கள்.

"இரண்டில் எது உண்மை என்று நான் யாரைக் கேட்பேன்?" என்றார் தாதா. "வேலூரில் கேட்போம்."

இது யோசிக்க வேண்டிய வார்த்தை. 1835-ஆம் ஆண்டிலேயே மருத்துவக் கல்லூரி ஏற்பட்ட நகரம் கல்கத்தா. ஆசியாவில் மேனாட்டு மருத்துவம் கற்பித்த மிகப் பழைய கல்லூரிகளில் அது ஒன்று. நம் குடும்பங்களுக்கே பீஸ் வாங்காமல் வைத்தியம் பார்த்த வங்காளி டாக்டர்களை நாம் மறந்துவிட முடியாது. ஆகவே இங்கே திறமைக்குப் பஞ்சம் என்று நான் ஒப்பமாட்டேன். பஞ்சம் நம்பிக்கைக்கு. ஒருவர் சொல்வதை நம்புவதற்காக 1,700 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்கிறார்கள்.

புறப்படுவதற்கு முன் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் இரு வீட்டிலும் வேலை செய்ய ஓர் அம்மாள் வருகிறார். கானிங்கைத் தாண்டி ஒரு கிராமம். விடியுமுன் லோக்கல் ரயில் ஏறி, டாகுரியாவில் இறங்கி, ஆறு வீடுகளில் பாத்திரம் துலக்கித் தரை துடைத்துவிட்டு மாலையில் திரும்புவார். பத்து ஆண்டுகளாக வருகிறார். பௌதியின் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, என்ன நோய் என்று அவர் கேட்டிருக்கிறார். பௌதி சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "என் மகளுக்கும் அந்த வால்வுதான்" என்றாராம். மகளுக்கு வயது 19. ஓராண்டாக நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றுக்கு நடக்கிறார்கள். இரண்டு முறை தேதி கொடுத்து இரண்டு முறையும் மாற்றிவிட்டார்கள். ஓராண்டாக இது நடக்கிறது. ஒரே கூரையின் கீழ் இருந்த எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

அதை மனத்தில் வைத்துக்கொண்டே ரயில் ஏறினேன்.

ஹௌராவிலிருந்து பெங்களூர் செல்லும் வண்டி காட்பாடியில் நிற்கிறது. இரவில் ஏறினால் ஒரு பகல் முழுதும் ஓடி, மறு இரவின் பின்ஜாமத்தில் கொண்டுபோய் விடுகிறது. பொழுது புலரும்போது சிலிகா ஏரி. நண்பகலுக்கு மேல் கோதாவரிப் பாலம். இவற்றைப் பார்க்கவே இந்த வழியில் செல்லலாம். ஆனால் எங்கள் பெட்டியில் சன்னலுக்கு வெளியே பார்த்தவர்கள் குறைவு. பாதிப் பேர் நோயாளிகள், அல்லது நோயாளிகளுடன் வந்தவர்கள். எக்ஸ்ரே படங்கள் வைத்த பெரிய உறைகள் மடங்காமல் இருக்க அவற்றைத் தலையணைக்கு அடியில் பரப்பி, அதன் மேல் படுத்திருந்தார்கள். ரயில் பிரயாணத்தில் நம்மவர்கள் முதலில் எந்த ஊர் என்று கேட்பார்கள், பிறகு என்ன உத்தியோகம் என்பார்கள். இந்தப் பெட்டியில் முதற் கேள்வி, "யாருக்கு?" இரண்டாவது, "எந்த டிபார்ட்மெண்ட்?"

எதிர் இருக்கையில் முர்ஷிதாபாத் மாவட்டத்து இளைஞன் ஒருவன் தகப்பனாருடன் வந்தான். அவர்களுக்கு இது மூன்றாவது பிரயாணம். முதற் பிரயாணத்துக்குக் கையில் இருந்த பணம், இரண்டாவதற்குப் பசு, மூன்றாவதற்கு நிலத்தில் ஒரு பகுதி. கல்கத்தாவில் காட்டவில்லையா என்று கேட்டேன். "காட்டினோம். அங்கே இடம் கிடைக்க இருபது நாள் தங்க வேண்டியிருந்தது. தங்குவதென்றால் வேலூரில் தங்கினால் என்ன?" என்றான். அவன் சொன்னது நியாயமாகவே பட்டது. கல்கத்தாவில் வசதியுள்ளவர் வேலூருக்குப் போகிறார். மாவட்டத்தில் சிறிது வசதியுள்ளவர் கல்கத்தாவுக்கு வருகிறார். கல்கத்தாவின் அரசு மருத்துவமனை வாசலில் முர்ஷிதாபாத்தும் புருலியாவும் பக்கத்து மாநிலங்களும் வந்து நிற்கின்றன. அந்த வரிசையின் கடைசியில்தான் கானிங்கிலிருந்து வரும் அம்மாளின் மகள் நிற்கிறாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால், கானிங் வரைகூட வராதவர்கள் எத்தனை பேரோ, அவர்களை ஒருவரும் எண்ணியதில்லை.

ரயிலைப் பற்றி அன்பர்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று. புற்றுநோயாளி சிகிச்சைக்குச் செல்லும்போது ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி உண்டு. துணைக்குச் செல்லும் ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. இருதய அறுவைக்குச் செல்வோர்க்கும் துணைவருக்கும் இவ்வகுப்புகளில் முக்கால் பங்கு. 2020 மார்ச்சில் முதியோர் சலுகையை நிறுத்தியபோதும் நோயாளிகளின் சலுகையை நிறுத்தவில்லை. ஆனால் இதற்கு மருத்துவமனையின் சான்றிதழ் வேண்டும். முதல் முறை செல்பவரிடம் அது பெரும்பாலும் இருப்பதில்லை. எங்களிடமும் இல்லை. முழுக் கட்டணமும் கொடுத்தோம். எங்கள் பெட்டியில் விசாரித்த அளவில், சலுகையில் வந்தவர் ஒருவர்தான், அவரும் படித்தவர்.

காட்பாடியில் இறங்கியபோது இரவு இரண்டு மணி கடந்திருந்தது. ஆட்டோக்காரர்கள் வங்காளியில் கூப்பிட்டார்கள். நான் தமிழில் வாடகை கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார் தமிழா? முதலிலேயே சொல்லக்கூடாதா?" என்று 50 ரூபாய் குறைத்தார். 31 ஆண்டுகள் கழித்து என் தாய்மொழிக்குக் கிடைத்த விலை அது. தாதாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். இரவிலும் சிரித்தார்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய பரிகாசம் உண்டு. ஆறு இருக்கிறது, நீர் இல்லை. கோட்டை இருக்கிறது, ராஜா இல்லை. கோயில் இருக்கிறது, சாமி இல்லை என்பார்கள். கோயிலைப் பற்றிய வசை 1981-இல் நீங்கியது. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் அவ்வாண்டு மீண்டும் எழுந்தருளினார். பாலாற்றில் நான் பார்த்தது மணலைத்தான். கோட்டை அழகானது. அகழியில் நீர் நிற்கிறது. 1806 ஜூலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடம் இது. மாலையில் அகழிக் கரையோரம் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் சுற்றுலாப் பயணிகளைப் போலத் தோன்றும். அருகில் சென்றால் கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும்.

காந்தி ரோடும் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களும் தமிழ்நாட்டில் ஒரு வங்காளப் பேட்டை. பெயர்ப்பலகைகளில் தமிழுக்கு அடுத்தபடி வங்காள எழுத்து. கடுகெண்ணெயில் பொரித்த மீனும் சோறும் கிடைக்கின்றன. விடுதிகளில் அறையோடு அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கின்றன. மருந்துக் கடையில் நிற்கும் தமிழ்ப் பையன், "தினமும் ரெண்டு பேலா, சாப்பிட்ட பிறகு" என்று பாதி வங்காளியிலும் பாதி தமிழிலும் மாத்திரை கொடுக்கிறான். எங்கள் விடுதிக்காரர், வங்கதேசத்திலிருந்தும் முன்பு நிறைய வருவார்கள் என்றும், 2024 ஆகஸ்டுக்குப் பிறகு விசா கிடைப்பது அருகியதால் அவர்கள் வரவு குறைந்துவிட்டது என்றும் வருத்தத்துடன் கூறினார். வருத்தம் அறைகளுக்கா, ஆட்களுக்கா என்று நான் கேட்கவில்லை.

இந்த மருத்துவமனையின் வரலாறு நம்மில் பலர் அறிந்ததே. ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்மணி, பாதிரியார் மகள், திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது ஓர் இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி அழைத்தார்கள். அவர் டாக்டர் அல்லர். டாக்டரான தந்தையை அனுப்பலாம் என்றால், ஆடவர் பார்க்கலாகாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1900-இல் வேலூரில் ஒரே கட்டிலுடன் வைத்தியம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஏற்பட்டது. இவையெல்லாம் சுவரில் படங்களோடு எழுதியிருக்கின்றன. என் மனத்தில் தைத்தது வேறொன்று. அவர் வாரந்தோறும் வண்டி கட்டிக்கொண்டு குடியாத்தம் சாலையில் போவாராம். மரத்தடிகளில் காத்திருக்கும் நோயாளிகளை வழியில் நின்று நின்று பார்த்துக்கொண்டே போவாராம். டாக்டர் சாலையில் போனார். நோயாளி தம் ஊர் மரத்தடியில் இருந்தார். இன்று நோயாளி 1,700 கிலோமீட்டர் சாலையில் இருக்கிறார்.

அந்தப் பழைய வழக்கம் இன்னும் அடியோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கே.வி.குப்பம் வட்டாரத்தில் இந்நிறுவனம் 1977 முதல் கிராம நலப் பணி நடத்தி வருகிறது. வேலூர் ஏழைகளுக்காகச் செலவு குறைந்த சிகிச்சைப் பிரிவு ஒன்றும் தனியே இருக்கிறது. பெரிய மருத்துவமனையிலும் பொதுப் பிரிவு, தனிப் பிரிவு என்று இரண்டு உண்டு. தனிப் பிரிவில் கட்டணம் அதிகம். நாள் சீக்கிரம் கிடைக்கும். கூடுதலாகக் கொடுப்பவர் பணத்தில் ஏழைகளின் செலவில் ஒரு பகுதி ஈடு செய்யப்படுகிறது. தாதா பொதுப் பிரிவிலேயே பதிவு செய்தார். ஆசிரியர் ஓய்வூதியம், அவருக்கு அது மானக்குறைவாகப் படவில்லை. பௌதியை டாக்டர் பார்க்க எட்டு நாள் ஆயிற்று. ஒரு பெண் டாக்டர், பழைய சீட்டுகளையெல்லாம் புரட்டிவிட்டு, மார்பைத் திறக்க வேண்டியதில்லை; காலிலிருந்து ஒரு குழாயை இருதயம் வரை செலுத்தி, அதன் முனையில் உள்ள பலூனால் வால்வை விரித்துவிடலாம் என்று பொறுமையாகச் சொன்னார். நான் தமிழிலிருந்து வங்காளிக்கு மாற்றினேன். தாதா கேட்ட நாலு கேள்விகளுக்கும் உட்கார்ந்தபடியே விடை சொன்னார். அவர் நான்காவது கேள்வியைக் கேட்டபோது எனக்கே சங்கடமாக இருந்தது, டாக்டருக்கு இல்லை.

எட்டு நாள் காத்திருந்தபோது எனக்கு ஒரு சிநேகம் ஏற்பட்டது. விடுதிச் சந்து முனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாள். காலையில் என்னோடு தமிழில் பேசுவதில் அவருக்கு ஒரு நிம்மதி. அவருக்கு முழங்காலில் நோவு. "எதிரிலேயே இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே, போகவில்லையா?" என்று கேட்டேன்.

"ஐயா, அது ஊருக்கு ஆஸ்பத்திரி. எங்களுக்கு அடுக்கம்பாறை" என்றார்.

அடுக்கம்பாறையில் இருப்பது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே பணம் கேட்பதில்லை. அதனால் அங்கே போகிறார். இங்கே வந்தால் பொதுப் பிரிவாக இருந்தாலும் வரிசையில் ஒரு பகல் போய்விடும், கடையை யார் பார்ப்பது என்றார். அவர் பிறந்த வீடு மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்ததாம். வாடகை ஏற ஏற, ஊருக்கு வெளியே போய்விட்டார்கள். அந்த வீடு இப்போது விடுதி. "வங்காளத்துக்காரர்கள் மேல் கோபமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "கோபமா? அவர்கள் வராவிட்டால் என் இட்லியை யார் தின்பார்கள்? நோவு என்று வருகிறவரை வராதே என்றா சொல்வது?" என்று கூடுதலாக ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினார்.

நோவு என்று வருகிறவரை வராதே என்று சொன்னவர்களும் உண்டு. 2018 அக்டோபரில் டில்லியின் கிழக்குப் பகுதியில், உத்தரப் பிரதேச எல்லையை ஒட்டிய குரு தேக் பகதூர் மருத்துவமனையில், டில்லி வாக்காளர் அட்டை உடையவர்களுக்குப் பெரும்பங்கு இடம் என்று அரசு ஓர் ஏற்பாடு செய்தது. உள்ளூர் ஜனங்கள் வரிசையில் மூச்சுத் திணறுகிறார்கள் என்பது காரணம். காரணம் பொய்யன்று. ஆயினும் அம்மாதமே டில்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. 2020 ஜூனில் கொள்ளை நோய்க் காலத்தில் டில்லி அரசு மீண்டும் அவ்வாறு உத்தரவிட்டது. மறுநாளே துணை நிலை ஆளுநர் அதை நீக்கினார். பிற மாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். நம் ரேஷன் அட்டை ஓர் ஊரில், உடம்பு வேறோர் ஊரில். தமிழ்நாட்டு அரசின் காப்பீட்டுக்கு அவ்வூர் ரேஷன் அட்டை கேட்பார்கள். 2018-இல் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் எந்த மாநிலத்திலும் செல்லும் என்றார்கள். 2019 ஜனவரியில் வங்காள அரசு அதிலிருந்து விலகிக்கொண்டு, தன் அட்டையையே நடத்தியது. அரசியல் சட்டத்தில் பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நோய்க்கு அந்தப் பட்டியல் தெரியாது. மருத்துவமனைக் கதவில் முகவரி கேட்க ஆரம்பித்தால் முதலில் வெளியே நிற்பவர்கள் நம்மைப் போன்றவர்கள்தாம்.

ஆனால் கதவைத் திறந்து வைத்துவிட்டால் நியாயம் செய்தாகிவிட்டது என்றும் நான் நினைக்கவில்லை. வேலூர் வரிசையில் எல்லாரும் சமம். அந்தச் சமத்துவத்தை நான் கண்ணால் பார்த்தேன்; ஆசிரியரும் மீன் வியாபாரியும் முன்பின்னாக நின்றார்கள். யார் அந்த வரிசைக்கு வர வேண்டும் என்பதை மட்டும் ஹௌரா நிலையமே தீர்மானித்துவிட்டது. பௌதியின் நோய் நெருக்கடியான குடிசைகளில், தொண்டைப் புண்ணுக்கு மருந்து கிட்டாத குழந்தைகளுக்கு அதிகம் வருகிற நோய். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, அருகில் உள்ள சுகாதார நிலையத்தில் ஒழுங்காகப் போட்டு வந்தால் வால்வு மேலும் கெடாமல் காக்கலாம் என்று அந்தப் பெண் டாக்டரே சொன்னார். அதாவது, யாருக்கு இந்நோய் அதிகமோ அவர்களே தொலைவுக்குப் போக இயலாதவர்கள். அவர்களுக்கு வேண்டிய மருந்து தொலைவில் இருக்க வேண்டியதும் இல்லை.

1992-இல் எங்கள் வங்காளத்தில் ஒரு வழக்கு எழுந்தது. மதுராபூர் நிலையத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை, கட்டில் இல்லை, கருவி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றிலிருந்து ஒன்றாக அனுப்பிவிட்டன. முடிவில் தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். உயிர் ஆபத்தில் சிகிச்சை பெறுவது வாழும் உரிமையின் பகுதி. பணமில்லை என்று அரசு தட்டிக்கழிக்க முடியாது என்று 1996 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்கு 25,000 ரூபாய் கொடுக்கவும் சொன்னது. ஒரு நாளுக்குள் நடந்த அலைச்சலுக்கு அந்தத் தீர்ப்பு. இரண்டு இரவு ரயிலில் நடக்கும் அலைச்சலை எந்த நீதிமன்றத்தில் சொல்வது?

மருத்துவமனையை நோயாளிக்கு அருகே கொண்டுபோவதும் நடவாத காரியமன்று. பம்பாய் அன்பர்கள் பரேல் பக்கம் நடைபாதையில் படுத்திருக்கும் புற்றுநோயாளிகளைப் பார்த்திருப்பார்கள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் பலர். அந்த டாட்டா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்தவர்களே 2019-இல் காசியில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை திறந்தார்கள். 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் ஒரே நாளில் ஏழு திறக்கப்பட்டன. எங்கள் விடுதியில் இருந்த அஸ்ஸாம் தம்பதியர், முதற் சிகிச்சை இங்கே, மிச்ச ஊசிகளை ஊரிலேயே போட்டுக்கொள்வோம் என்று சொன்னபோது அவர்கள் முகத்தில் இருந்த தெளிவை மற்ற அறைகளில் நான் பார்க்கவில்லை.

பௌதிக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. 23-ஆம் நாள் திரும்பினோம். தாதா பைசா தவறாமல் கணக்கு எழுதுகிறவர். மருத்துவமனைக்குக் கட்டியது ஒரு பக்கம். அறை, சாப்பாடு, ஆட்டோ, ரயில் என்று மூவருக்கும் வெளியே செலவானது 38,000 ரூபாய் மறுபக்கம்.

வந்த மறுநாள் வேலைக்கு வரும் அம்மாளை உட்கார வைத்துப் பேசினேன். ரயில் செலவையும் அறை வாடகையையும் நாங்கள் சில குடும்பங்கள் ஏற்கிறோம். அரசு மருத்துவ அட்டை அங்கே செல்லுமா என்று மருத்துவமனையில் கேட்டு வந்திருக்கிறேன். மகளை அழைத்துக்கொண்டு போங்கள் என்றேன். இருவர் சிக்கனமாக இருந்தால் 20,000 ரூபாய்க்குள் அடங்கும் என்று என் கணக்கைக் காட்டினேன்.

அவர் கணக்கு வேறு. "எத்தனை நாள், தாதாபாபு?" என்றார். ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். விரலை மடக்கி எண்ணினார். "ஆறு வீடு. ஒரு மாதம் வராவிட்டால் நாலு வீட்டில் வேறு ஆள் வந்துவிடும். திரும்பி வந்த பிறகு மருந்து யார் வாங்குவது?" ஆறு வீட்டிலும் சேர்த்து அவர் பெறுவது மாதம் 7,200 ரூபாய். கல்கத்தா மருத்துவமனையில் சித்திரைக்குப் புதிய தேதி கொடுத்திருக்கிறார்கள், காத்திருக்கலாம் என்றும் சொன்னார். சித்திரையிலும் மாற்றிவிட்டால் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் அது தெரியும்.

ஆறு வீட்டுக்கும் நான் நடந்தேன். வேலையை வைத்திருங்கள், அந்த மாதச் சம்பளத்தையும் கொடுங்கள் என்று கேட்டேன். இரண்டு வீட்டில் உடனே சரி என்றார்கள். அவற்றில் ஒன்று எங்களுடையது, அதை எண்ணிக்கையில் சேர்ப்பது சரியோ என்னவோ. ஒரு வீட்டில் வேலை இருக்கும், சம்பளம் இல்லை என்றார்கள். ஒரு வீட்டில் கைக்குழந்தை. அவர்களால் முடியாது என்றார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. ஐந்தாவது வீட்டில் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். ஆறாவது பௌதியின் வீடு. பாத்திரம் நான் துலக்கிக்கொள்கிறேன் என்று பௌதி எழுந்தார். கனமானது எதையும் இப்போது தூக்கலாகாது என்று டாக்டர் சொன்னதை நானே மொழிபெயர்த்திருந்தேன். ஆகவே தாதா துலக்குகிறார். சோற்றுப் பானையில் இன்னும் பிடி படவில்லை என்கிறார்.

சித்திரைத் தேதியை என்ன செய்வது என்பது பாக்கி இருந்தது. வேலூரில் டாக்டர் பார்க்கும் வரை விட வேண்டாம் என்று நான் சொன்னேன். ஒருவர் இரண்டு வரிசையில் இடம் பிடித்து வைத்தால், ஒரு வரிசையில் பின்னால் நிற்பவருக்கு அது அநியாயம் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் வைத்திருக்கும்படியே சொன்னேன்.

பங்குனி இறுதிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தோம். எடுத்த அன்று காத்திருப்போர் பட்டியலில் 31, 32 என்று வந்தது. இன்று காலை பார்த்தேன். 9, 10 ஆகியிருக்கிறது.